வாசகசாலைகளுக்குத் திட்டம் போடுவது எப்படி: ஒரு பால் சங்கக் கணக்கரின் குறிப்புகள்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் 26 வருடம் கணக்கு எழுதினேன். ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கள் ஊர் வாசகசாலைக் கமிட்டிக்கு இழுத்துவிட்டார்கள். "உங்களுக்குக் கணக்கு எழுதத் தெரியுமுங்களே" என்பதுதான் காரணம். புத்தகம் படிப்பேனா என்று யாரும் கேட்கவில்லை. படிப்பேன், ஆனால் அது வேறு விஷயம்.

எங்கள் பஞ்சாயத்தில் ஏழு வாசகசாலைகள். மலையாளத்தில் வாயனசால, ஆபீஸ் கடிதத்தில் கிரந்தசால, எங்கள் வாயில் வாசகசாலை. ஏழையும் சேர்த்துப் பஞ்சாயத்து அளவில் ஒரு நேத்ருசமிதி, அதாவது வழிநடத்தும் குழு, உண்டு. அதன் கன்வீனர் ஓய்வு பெற்ற மலையாள ஆசிரியர், ஊருக்கே மாஷ். ஏழுக்கும் சேர்த்து ஐந்து வருடத்துக்கு ஒரு திட்டம் எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது அவர் அதை என் தலையில் கட்டிவிட்டார். எழுதினோம். இப்போது மூன்றாவது வருடம் ஓடுகிறது. வேறு ஊர்களில் இதே வேலைக்கு உட்கார்ந்திருப்பவர்கள் சிலர் கேட்டதால், செய்த விதத்தையும் சறுக்கிய இடங்களையும் சொல்கிறேன்.

முதல் கூட்டத்தில் எல்லோரும் தங்கள் ஆசைகளைச் சொன்னார்கள். ஏசி ஹால், கம்ப்யூட்டர் ரூம், குழந்தைகள் பூங்கா, மைக் செட். ஒரு வாசகசாலையின் செக்ரட்டரி வாசலில் சிலை வேண்டும் என்றார். யார் சிலை என்று கேட்டதற்கு "அது அப்புறம் பார்க்கலாம்" என்றார். எல்லாவற்றையும் எழுதினேன், 31 வந்தது. மாஷ் அதைப் பார்த்துவிட்டு, திட்டம் முடிந்துவிட்டது, டைப் அடித்தால் போதும் என்றார். எனக்கு அது கல்யாண வீட்டு மளிகைச் சீட்டு மாதிரி இருந்தது. சமைக்கப் போவது யார், சாப்பிட வருவது எத்தனை பேர் என்று எந்த வரியிலும் இல்லை.

பால் சங்கத்தில் தினமும் ஊற்றுகிறவர்களைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டோம், அவர்கள் கணக்கு தானாக ஓடும். ஒருவர் சேர்ந்தாற்போல் நாலு நாள் வரவில்லை என்றால்தான் செக்ரட்டரி என்னை நிமிர்ந்து பார்ப்பார். மாடு வற்றிவிட்டதா? தனியார் வண்டிக்கு ஊற்றுகிறாரா? பாலின் கொழுப்பை, அதாவது ஃபேட்டை, குறைத்துப் போட்டோம் என்று கோபமா? மூன்றுக்கும் மருந்து வேறு. வாசகசாலைத் திட்டத்தையும் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வருகிறவர்கள் வரட்டும், வந்துகொண்டிருந்து நின்றுபோனவர்களின் கணக்கை முதலில் எடுப்போம்.

யாருடைய வாசகசாலை என்று முதலில் பாருங்கள்

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். உங்கள் ஊரில் பொது நூலகம் அரசுத் துறையின் கையில் இருக்கிறது. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி போகிறது. 1948இல் சென்னை மாகாணம் போட்ட பொது நூலகச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு அது. அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் இருந்ததால் பாலக்காட்டுக்கும் அந்தச் சட்டம் பொருந்தியது. ஆனால் எங்கள் சித்தூர் தாலுக்கா கொச்சி ராஜாவின் கையில் இருந்தது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நூலகச் சரித்திரம். (ஆந்திராவில் இருக்கும் சித்தூர் இல்லை, இது பாலக்காட்டுச் சித்தூர். தபால்காரருக்கே சில சமயம் குழப்பம் வரும்.)

கேரளத்தில் இன்று வாசகசாலை என்பது ஊர்க்காரர்கள் நடத்துவது. 1945இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். அது வளர்ந்து, 1989 சட்டத்தின் கீழ் மாநில லைப்ரரி கவுன்சில், மாவட்ட கவுன்சில், தாலுக்கா கவுன்சில் என்று மூன்று தட்டாக நிற்கிறது. கட்டட வரியோடு 5 சதவீதம் நூலக வரி வசூலாகிறது. கவுன்சிலில் இணைந்த வாசகசாலைக்கு வருடா வருடம் கிரேடு போடுவார்கள், கிரேடைப் பொறுத்து கிராண்ட். ஆனால் கமிட்டியைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள், கதவைத் திறப்பது ஊர்க்காரர். லைப்ரேரியனுக்குக் கிடைப்பது அலவன்ஸ், சம்பளம் என்று சொல்ல முடியாது. ஆந்திரத்துக் குப்பம், நகரிப் பக்கத் தமிழர்களுக்கு வாசல் வேறு: அங்கே 1960 சட்டம், ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தா, ரூபாய்க்கு 8 பைசா வரி.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், திட்டத்தில் எழுதுவதை யார் செய்து முடிக்கும் அதிகாரம் உள்ளவர் என்பது இதில்தான் தெரியும். துறை நடத்தும் நூலகத்துக்கு ஊர்க்காரர்கள் எழுதுவது ஒரு கோரிக்கை மனு. எங்களைப் போல் கமிட்டி நடத்தும் இடத்தில் எழுதுவது நமக்கு நாமே மாட்டிக்கொள்ளும் கயிறு. இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். "நாம் செய்வது", "நாம் கேட்பது" என்று ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். 31 ஆசையில் 19 "நாம் கேட்பது" பக்கம் போனது. சிலையும் போனது.

ஒவ்வொரு வாசகசாலையிலிருந்தும் இரண்டு பேரை உட்கார வைத்தோம். அதில் ஒருவர் கமிட்டியில் இல்லாதவராக இருக்க வேண்டும் என்று விதி போட்டோம். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், பெண்கள் குறைந்தது நாலு பேர். மினிட்ஸ் மலையாளத்திலும் தமிழிலும் எதிரெதிர் பக்கத்தில். மேலே போகும் காகிதத்துக்கு மலையாளம் வசதி. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969 ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வேலைக்கும் மூன்று மாதம் போதும். ஆறு மாதம் என்று வைத்தால் ஐந்தாவது மாதம்தான் ஆரம்பிப்பார்கள்.

இஷ்யூ ரிஜிஸ்டரும் நின்றவர் பட்டியலும்

ஏழு இடத்திலிருந்தும் கடைசி மூன்று வருட இஷ்யூ ரிஜிஸ்டரை வாங்குங்கள். உறுப்பினர் பெயர், கடைசியாகப் புத்தகம் எடுத்த தேதி, அந்தப் புத்தகம் எந்த மொழி: மூன்றே கட்டம். கம்ப்யூட்டர் வேண்டாம், கோடு போட்ட நோட்டுப் போதும். ஒரு வருடத்துக்கு மேல் எடுக்காதவர்களைச் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். எங்களுக்குப் பாதிக்கு மேல் சிவப்பாக வந்தது. மாஷ் முகம் சுருங்கியது, "இதை வெளியே காட்ட வேண்டாம்" என்றார். காட்ட வேண்டாம், சரி. ஆனால் அந்தப் பெயர்களை நாங்கள் பிரித்து எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம்.

போகும்போது "ஏன் வர்றதில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள். நான் முதலில் போன வீட்டில் அப்படித்தான் கேட்டேன்.

"ஏனுங்கக்கா, வாசகசாலைப் பக்கமே காணமே?"

"எங்க தம்பி நேரம். மாட்டோடயே பொழுது சரியாப் போகுது."

அதோடு பேச்சு முடிந்தது. அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் கேள்வியை மாற்றினோம்: "கடைசியா எடுத்த புத்தகம் இதுங்க. இதைப் படிச்ச சமயத்துல வீட்ல என்ன நடந்துட்டு இருந்துச்சு?" ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகத்தின் பெயரைச் சொல்லுங்கள். ஆள் அந்த வருடத்துக்கே போய்விடுவார். அதே அக்காவிடம் மறுபடி போனேன். அந்தப் புத்தகம் எடுத்த சமயம் மருமகள் வீட்டில் இருந்தாளாம், சாயங்காலப் பாலை அவள் சங்கத்துக்குக் கொண்டு போவாளாம். மகனும் மருமகளும் கோயமுத்தூர் போன பிறகு இரண்டு வேளைப் பாலும் இவர் தலையில். சங்கத்தில் இருந்து திரும்பி வந்து அடுப்பு மூட்டும் நேரமும் வாசகசாலை திறந்திருக்கும் நேரமும் ஒன்று. சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழரை வரைதான் திறக்கிறோம். மழைக்குறைவான சீமை இது, மாடுதான் பாதி வீட்டுக்குச் சோறு போடுகிறது. பால் நேரத்தைத் தெரியாமல் வாசகசாலை நேரத்தை யார் வைத்தார்கள் என்று தேடினால், நானே உறுப்பினராகக் கை தூக்கிய பழைய தீர்மானம் ஒன்று கிடைத்தது.

இன்னொருவர் கள் இறக்குகிறவர். ஆறு வருடமாக வாசகசாலைத் தெருவிலேயே வராமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாராம். ஒரு புத்தகம் மழையில் நனைந்து ஊறிவிட்டது, அபராதம் எவ்வளவு கேட்பார்களோ என்று பயம். புத்தகத்தின் விலை நாற்பது ரூபாய். ஒரு வாசகரை நாற்பது ரூபாய்க்கு ஆறு வருடம் தொலைத்திருக்கிறோம். இது மாதிரி ஏழு வாசகசாலையிலும் ஆட்கள் இருந்தார்கள். "பழைய அபராதம் எல்லாம் ரத்து, நனைந்த புத்தகத்தையும் அப்படியே கொண்டு வரலாம்" என்று ஒரு மாதம் அறிவிக்க வேண்டும் என்பது எங்கள் திட்டத்தில் முதல் வருடத்து முதல் வேலையானது. செலவு, ஒரு நோட்டீஸ்.

கண்ணாடி போட்டும் எழுத்துத் தெரியாத பெரியவர்கள், கல்லூரிக்குப் பொள்ளாச்சி போய் ஏழு மணிக்கு மேல் பஸ் இறங்கும் பெண்கள், இவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். எல்லையோரத்துக்கே உரியது ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

சிவப்பு வட்டம் போட்டதில் நிறையப் பேர் தமிழ் மட்டும் எடுத்தவர்கள். அவர்கள் நின்றதற்குக் காரணம் லேசாகப் புரிந்தது, தமிழ் அலமாரியில் புதிதாக ஒன்றும் வரவில்லை, இருந்ததை எல்லாம் படித்து முடித்துவிட்டார்கள். எங்களுக்குப் புரியாதது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் முழுக்கத் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் மலையாள மீடியம். எங்கள் தாலுக்காவில் தமிழ் மீடியம் பள்ளிகள் உண்டு, ஆனால் எல்லாப் பெற்றோரும் அதில் சேர்ப்பதில்லை. வேலைக்கு மலையாளம் வேண்டுமே என்ற கணக்கு, அதைத் தப்பென்று சொல்ல நான் யார். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பாட்டிக்கு மலையாள எழுத்துத் தெரியாது. ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே கதையைப் பேசுகிற இரண்டு பேருக்கு நடுவில் புத்தகம் மட்டும் நுழைய முடியவில்லை. எங்கள் ரிஜிஸ்டரில் பாட்டி நின்றுவிட்டாள், பேத்தி மலையாள அலமாரிக்கு வந்துகொண்டிருக்கிறாள். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் ஒன்று போய் ஒன்று வந்தது, சரிக்குச் சரி. வீட்டுக்குப் போனதால்தான் இது தெரிந்தது.

இதற்கு நாங்கள் பிடித்த வழி எளிது. நேஷனல் புக் டிரஸ்ட் குழந்தைகளுக்கான பல புத்தகங்களைத் தமிழ், மலையாளம் இரண்டிலும் போடுகிறது. படம் ஒன்றே, எழுத்து வேறு. இரண்டு பிரதியையும் ஜோடியாக வாங்கி ஒரே ரப்பர் பேண்டில் கட்டி, ஒரே இஷ்யூவாகக் கொடுக்கிறோம். ஒரு நம்பருக்கு ஒரு புத்தகம் என்று பழகிய லைப்ரேரியன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் தனி நம்பர் போட்டு, ரிஜிஸ்டரில் ஒரே வரியில் எழுதலாம் என்று பேசி முடித்தோம்.

அலமாரியைக் கணக்கெடுப்பது

இது அலுப்பான வேலை, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக் ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாகச் சரிபாருங்கள். பத்து வருடமாக ஒருவரும் எடுக்காதது, கரையான் தின்றது, நல்ல நிலையில் ஓடுவது என்று மூன்று குவியல். ரங்கநாதன் 1931இல் சொன்ன ஐந்து விதிகளில் முதல் விதி, புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது. அதைச் சொல்லிப் பத்து வருடக் குவியலை அப்படியே எடைக்குப் போட்டுவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். அவரே மூன்றாவது விதியில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்கிறார். அதனால் அந்தக் குவியலை இன்னொரு வாசகசாலைக்கு ஆறு மாதம் மாற்றிப் பாருங்கள். எங்கள் ஊரில் தூங்கிய தமிழ் விவசாயப் புத்தகங்கள் எல்லையை ஒட்டிய இன்னொரு வாசகசாலையில் ஓட ஆரம்பித்தன. ஏழு வாசகசாலைகள் சேர்ந்து திட்டம் போடுவதில் இருக்கும் பெரிய லாபமே இதுதான் என்பது என் எண்ணம். கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர், ஊர்ச் சங்கத்து நோட்டீஸ் போன்றவை யாரும் எடுக்காவிட்டாலும் கழிக்கக் கூடாது, வேறெங்கும் கிடைக்காது. கமிட்டித் தீர்மானம் இல்லாமல் ஒரு புத்தகத்தையும் ரிஜிஸ்டரில் அடிக்காதீர்கள். தாலுக்கா கவுன்சில் ஆபீஸில் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

கூடவே ஒரு சுவர் அளவு தாளில் பஞ்சாயத்தை வரையுங்கள். வார்டுகள், ஏழு வாசகசாலை, பால் சங்கம், ரேஷன் கடை, அங்கன்வாடி, பஸ் நிற்கும் இடம், டீக்கடை. வரைந்து முடித்தபோது மூன்று வாசகசாலை ஒரே ரோட்டில் கூப்பிடு தூரத்தில் இருப்பதும், தெற்கே மூன்று வார்டில் ஒன்றுமே இல்லை என்பதும் எல்லோர் கண்ணிலும் ஒரே நேரத்தில் பட்டது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த மூன்றில் ஒன்று என்னுடையது.

"யார் திரும்பி வருவார், பேர் சொல்லுங்க"

திட்டத்தின் முக்கால்வாசி வேலை வெட்டுவதுதான். ஐந்து வருடத்துக்கு நாலு இலக்குக்கு மேல் வைத்தால் ஒன்றும் நடக்காது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போட்டோ எடுத்துப் போடுவோம். ஆனால் அடுத்தவர் ஆசையை எப்படி வெட்டுவது? எல்லையோரத்தில் இது இன்னும் நெருடல். தமிழ் ஆசையை வெட்டினால் மலையாளிக்குச் சாய்ந்தோம் என்பார்கள், மறுபக்கம் வெட்டினால் மறுபேச்சு.

நாங்கள் ஒரே கேள்வியை வைத்தோம். யார் எதைக் கேட்டாலும், "இதைச் செய்தால் சிவப்பு வட்டத்தில் இருக்கிற யார் திரும்பி வருவார், பேர் சொல்லுங்க." பட்டியல் மேஜையில் கிடக்கும். ஏசி ஹாலுக்கு ஒரு பெயரும் வரவில்லை. கம்ப்யூட்டர் ரூமுக்கு இரண்டு பெயர் வந்தது. அந்த இரண்டு பேரையும் கேட்டால் "போன்லயே எல்லாம் பார்த்துக்கறோம்ங்க" என்றார்கள். பால் சங்கத்தில் ஒரு புத்தக அலமாரி என்றதும் அந்த அக்கா உட்பட 14 பெயர் சொன்னார்கள். பெரிய எழுத்துப் புத்தகம், ஜோடிப் புத்தகம், வாரத்தில் இரண்டு நாள் இரவு எட்டரை வரை திறப்பது, இவற்றுக்கெல்லாம் பெயர் வந்தது. கேட்டவர் யார், எந்த மொழிக்காரர் என்ற பேச்சே எழவில்லை.

இந்தக் கேள்விக்கு அடங்காத விஷயங்களும் உண்டு, அவற்றை வேறு கணக்கில் வையுங்கள். ஓடு உடைந்து மழை ஒழுகினால் பெயர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஒருநாளும் வாசகசாலைக்கு வராதவர்கள் பெயர் ரிஜிஸ்டரிலேயே இருக்காது. தெற்கு வார்டுக்காரர்கள், தோப்பில் வேலைக்கு வந்திருக்கும் வடக்கத்திப் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு இலக்கைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடுங்கள். எங்களுடையது தெற்கு வார்டு.

இலக்கை எழுதும் விதமும் முக்கியம். "வாசிப்புப் பழக்கத்தை வளர்த்தல்" என்று மாஷ் எழுதினார். அழகான வரி, ஆனால் முடிந்ததா இல்லையா என்று எந்தக் காலத்திலும் தெரியாது. அதையே "இரண்டாம் வருடம் மார்ச் முடிவதற்குள், தெற்கு வார்டில் அங்கன்வாடித் திண்ணையில் வாரம் இரண்டு நாள் புத்தகம் கொடுப்பது நடந்துகொண்டிருக்க வேண்டும்" என்று மாற்றினோம். படிக்க நன்றாக இல்லை. ஆனால் மார்ச் 31 அன்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்து ஆமாம், இல்லை சொல்லலாம். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது, கிருஷ்ணைக் கால்வாயில் படகில் போயிருக்கிறது. திண்ணைக்குப் போக நமக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுத்தான் அந்த வரியை நிறைவேற்றினேன்.

பணம்: மூன்று பத்தி நோட்டு

வரவை மூன்று பத்தியாக எழுதுங்கள். நிச்சயப் பணம், வரலாம் என்கிற பணம், அதிர்ஷ்டப் பணம். கவுன்சில் கிராண்ட், உறுப்பினர் சந்தா முதல் பத்தி. பஞ்சாயத்துத் திட்ட நிதி இரண்டாவது பத்தி. எம்.எல்.ஏ. நிதி, நன்கொடை, திருவிழா வசூல் மூன்றாவது.

மாதாமாதம் வரும் செலவை, அதாவது கரண்ட் பில், பத்திரிகை, ராத்திரி திறந்தால் லைப்ரேரியனுக்குக் கூடுதலாகக் கொடுப்பது, இவற்றை முதல் பத்திப் பணத்தில் மட்டும் கட்டுங்கள். மற்ற இரண்டு பத்தியில் வருவதை அலமாரி, ஓடு மாற்றுவது போல ஒருமுறையோடு முடிகிற செலவுக்கு வையுங்கள். அதிர்ஷ்டப் பணத்தை நம்பி ராத்திரி நேரம் திறக்க ஆரம்பித்து, மூன்றாவது மாதம் மூடினால், வந்தவரும் நின்றவர் பட்டியலில் சேர்ந்துவிடுவார்.

பஞ்சாயத்துப் பணம் கேட்கத் தெரிய வேண்டும். 1996இல், திட்டம் போடும் வேலையை ஊர்களிடமே கொடுத்த மக்கள் திட்டம் கேரளத்தில் வந்ததிலிருந்து எல்லாம் கிராமசபையில் தொடங்கி, ஒர்க்கிங் குரூப், வளர்ச்சிக் கருத்தரங்கம், மாவட்டத் திட்டக் குழு என்று ஏறுகிறது. கிராமசபையில் உங்கள் பேச்சு மினிட்ஸில் ஏறாவிட்டால் பிறகு மெம்பர் வீட்டு வாசலில் நின்று பயனில்லை. தெற்கு வார்டு கிராமசபைக்கு அந்த வார்டுப் பெண்களையே பேச வைத்தோம், நாங்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்தோம். கல்கத்தாவில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் லைப்ரரி பவுண்டேஷன் 1972 முதல் பொது நூலகங்களுக்கு உதவி செய்கிறது. மாநிலம் பங்கு போட்டால் தருவது ஒரு வகை, பங்கு கேட்காமல் தருவது இன்னொரு வகை. எதற்கு எந்த வழியாக விண்ணப்பம் போவது என்று மாவட்ட கவுன்சிலில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

புத்தகம் வாங்குவதில் ஒரு சொல். கிராண்ட் பணத்தில் பெரும்பாலும் மாவட்டப் புத்தகத் திருவிழாவில்தான் வாங்குகிறோம், அங்கே மலையாளப் பதிப்பகங்கள் நிறைந்திருப்பது இயல்பு. தமிழுக்கு நாம்தான் பஸ் ஏற வேண்டும். கோவைப் புத்தகத் திருவிழா, ஆகஸ்டில் ஈரோடு, முடிந்தால் ஜனவரியில் சென்னை. இரண்டு பேர் போங்கள், கையில் நின்றவர் பட்டியலில் கேட்டு எழுதிய விருப்பங்கள் இருக்கட்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் பிடித்ததை வாங்கி வருவீர்கள். நான் ஒரு முறை வாங்கி வந்தேன். அவை இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. பில் வாசகசாலையின் பெயரில் வாங்கி, அந்த வாரமே ஸ்டாக்கில் ஏற்றுங்கள்.

காலண்டர், ஆள், சறுக்கல்

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர், அவர் இல்லாவிட்டால் இன்னொரு பெயர். "கமிட்டி" என்று எழுதியிருந்தால் யாரும் செய்ய மாட்டார்கள். தேதிகளை ஏற்கனவே கூட்டம் கூடும் நாட்களோடு கட்டுங்கள்: பணிக்கர் மறைந்த ஜூன் 19 வாசிப்பு நாள், செப்டம்பர் 14 கிரந்தசாலை நாள், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். பொங்கலையும் ஓணத்தையும் இரண்டு பக்கமும் கொண்டாடுவதால் அந்த வாரங்களில் எந்த வேலையும் வைக்காதீர்கள், நடக்காது. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வீட்டுக்கே புத்தகம் கொண்டு போகும் கவுன்சில் திட்டம் எங்கள் ஊரில் ஏற்கனவே ஓடுகிறது. அதில் போகிற பெண்ணுக்குத்தான் எந்த வீட்டில் யார் நின்றார் என்று முதலில் தெரியும். அவரைக் கேட்காமல் காலண்டர் போட்டு இரண்டு முறை திருத்தினோம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் உட்காருங்கள். நடந்தது, நடக்காதது, ஏன், விடுவதா மாற்றுவதா. விடுவதற்கு வெட்கப்படாதீர்கள்.

பால் சங்க அலமாரி முதல் மாதமே தோற்றது. கையைக் கழுவாமல் புத்தகம் எடுத்தால் என்னாகும் என்று 26 வருடம் அங்கே இருந்த எனக்கே தோன்றவில்லை. அட்டையில் சாணி, உள்ளே பால் பிசுக்கு. ஒரு புத்தகத்தை லாக்டோமீட்டர் வைக்கும் ஜாடிக்கு மூடியாகப் போட்டிருந்தார்கள். அலமாரியை உள்ளேயிருந்து தூக்கி, கேன் கழுவும் குழாய்க்கு அந்தப் பக்கம் திண்ணையில் வைத்தோம், எல்லாப் புத்தகத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டோம். காலையில் பால் ஊற்றிவிட்டுக் கை கழுவி, பாஸ்புக் எழுதி வரும் வரைக்கும் காத்திருக்கும் அந்த நேரத்தில் இப்போது ஓடுகிறது. தமிழ் எழுத்து வகுப்பு ஞாயிறு காலை வைத்து மூன்று பிள்ளைகளில் வந்து நின்றது; சனிக்கிழமை டியூஷன் முடிந்த கையோடு அதே தெருவில் வைத்தபின் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. ராத்திரி எட்டரை வரை திறப்பது ஐந்து இடத்தில் நடக்கிறது, இரண்டு இடத்தில் விட்டுவிட்டோம். அந்த இரண்டு ஊரிலும் கடைசி பஸ் வேறு ரோட்டில் போகிறது.

திட்டம் நாற்பது பக்கம் வந்தால் குறையுங்கள். எங்களுடையது தமிழில் ஆறு, மலையாளத்தில் ஆறு. முதல் பக்கத்தில் நாலு இலக்கு, தேதி, பெயர். அந்த ஒரு பக்கத்தை மட்டும் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, பால் சங்கத்தில் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். பால் ஊற்ற வருகிறவர்கள் ஃபேட் ரேட் பார்த்த கையோடு அதையும் பார்க்கிறார்கள். போன வாரம் ஒருவர் என் பெயர் எழுதிய வரியில் விரலை வைத்து, "மாசம் முடியப் போகுதுங்களே" என்றார்.

இந்த வருடத்து நின்றவர் பட்டியல் செப்டம்பர் 14க்குள் தயாராக வேண்டும். ஆறு ரிஜிஸ்டர் வந்துவிட்டது. ஏழாவது, சிலை கேட்டவரிடம் இருக்கிறது. கேட்டால் அப்புறம் பார்க்கலாம் என்கிறார்.